முதலில் திருத்தங்களைத் தேடுங்கள்

ஒரு நாளிதழில் 22 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். பக்கம் அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்க்கும் கண்கள் என்னுடையவை. அதனாலோ என்னவோ, "நீங்கள் எந்தப் பத்திரிகை படிக்கிறீர்கள், எந்தச் சேனல் பார்க்கிறீர்கள்?" என்று தெரிந்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள். இரண்டு பெயர்களைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் எனக்குப் பிடித்தது உங்களுக்குப் பயன்படாமல் போகலாம். நாளைக்கே அந்தப் பத்திரிகை கைமாறவும் கூடும். ஆகவே பெயர்களை விட்டுவிட்டு, நான் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

புதிய செய்தித்தளம் ஒன்றைப் பின்தொடரலாமா என்று யோசிக்கும்போது நான் அதன் முகப்பைப் பார்ப்பதில்லை. தேடல் பெட்டியில் 'திருத்தம்', 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று போட்டுப் பார்ப்பேன். ஆண்டு முழுவதும் ஒரு திருத்தம்கூட வெளியிடாத இடம், பிழையே செய்யாத இடமாக இருக்க வாய்ப்பில்லை. தினமும் ஆயிரக்கணக்கான சொற்களை அவசரத்தில் எழுதுகிறவர்கள் தவறுவார்கள். தவறியதை வாசகரிடம் சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 1997-இல் வாசகர்களுக்கான ஆசிரியர் என்று ஒருவரைத் தனியாக நியமித்து, திருத்தங்களுக்கு நிலையான இடம் ஒதுக்கியது. வாசகர் புகாரை விசாரிக்கும் அத்தகைய பொறுப்பு, நீங்கள் படிக்கும் இதழில் யாரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல திருத்தத்தில் மூன்று செய்திகள் இருக்கும்: முன்பு என்ன எழுதியிருந்தோம், சரியானது எது, எப்போது மாற்றினோம். சில தளங்கள் ஓசையில்லாமல் வரியை மாற்றிவிடும். சந்தேகம் வந்தால் கட்டுரையின் முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டுங்கள். அந்தப் பக்கம் அங்கே சேமிக்கப்பட்டிருந்தால், காலையில் இருந்ததையும் மாலையில் இருந்ததையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை எங்கள் முதல் பக்கத்து விபத்துச் செய்தியில், இறந்தவர் பெயரும் காயமடைந்தவர் பெயரும் இடம் மாறிவிட்டன. நான் பார்த்து அனுப்பிய பக்கம் அது. மறுநாள் ஏழாம் பக்கத்தின் அடியில் நான்கு வரியில் திருத்தம் வந்தது. மூன்று நாள் கழித்துக் காயமடைந்தவரின் மகள் தொலைபேசியில் அழைத்தார். அவர் கோபப்படவில்லை. "அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் துக்கம் விசாரிக்க இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கதவைத் திறப்பது அப்பாதான்" என்றார். முதல் பக்கத்தைப் படித்தவர்கள் ஏழாம் பக்கத்தின் அடிக்கு வரவில்லை. அன்றிலிருந்து திருத்தம் இருக்கிறதா என்பதோடு நான் நிறுத்துவதில்லை. அது எந்த இடத்தில், எந்த அளவில் இருக்கிறது என்றும் பார்க்கிறேன்.

அடுத்து, செய்தி எங்கே பிறந்தது என்று பாருங்கள். செய்தியின் தலையிலோ காலிலோ சிறிய எழுத்தில் ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி என்று ஒரு செய்தி முகமையின் பெயர் இருக்கும். இவை செய்தி திரட்டி இதழ்களுக்கு விற்கும் நிறுவனங்கள். ஏபி 1846-இல் தொடங்கியது, ராய்ட்டர்ஸ் 1851-இல். தந்திக் கம்பி இல்லாத இடைவெளியைக் கடக்க, ஜெர்மனியின் ஆஹன் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே புறாக்கள் மூலம் பங்கு விலைகளை அனுப்பியவர் ராய்ட்டர்ஸின் நிறுவனர் ராய்ட்டர். இன்றும் வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சில நிறுவனங்களிலிருந்துதான் எல்லா இதழ்களுக்கும் போகிறது. ஆகவே "எட்டுப் பத்திரிகைகளில் வந்திருக்கிறதே" என்பது எட்டுச் சாட்சிகள் ஆகாது. எட்டிலும் மூன்றாம் பத்தியை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே மேற்கோள், அதே எண்ணிக்கை, அதே வரிசை என்றால் சாட்சி ஒருவர்தான். தன் நிருபரை நேரில் அனுப்பி எழுதிய இதழ் ஒன்றாவது உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

இனி வாசிப்புக்கு வருகிறேன். ஒரு வாரத்துக்குக் கையில் பென்சில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் வினைமுற்றையும் அடிக்கோடிடுங்கள். 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'சொல்லப்படுகிறது', 'தகவல் வெளியாகியுள்ளது' என்று முடிந்தால் பக்கத்தில் 'யார்?' என்று எழுதுங்கள். "ஆலையில் வாயுக் கசிவு ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது" என்ற வாக்கியத்தில் பொறுப்பேற்க ஓர் ஆள்கூட இல்லை. "கசிவு ஏற்பட்டதை ஆலையின் பாதுகாப்பு அதிகாரி உறுதிசெய்தார்" என்பதில் ஆள் இருக்கிறார். தவறென்றால் அவரைக் கேட்கலாம். நம் மொழியில் செயப்பாட்டு வினை, எழுதுகிறவருக்கு வசதியான மறைவிடம். சில சமயம் அது நியாயமான எச்சரிக்கையும்கூட: விவரம் முழுமையாகக் கிடைக்காதபோது நேர்மையான நிருபரும் 'கூறப்படுகிறது' என்றே எழுதுவார். ஆனால் அவர் அடுத்த வரியில் யாரைக் கேட்டார், யார் பதில் சொல்ல மறுத்தார் என்று சொல்லிவிடுவார். பக்கம் முழுக்க 'யார்?' என்று நிறைந்துவிட்டால் அந்த இதழ் உங்கள் காலைப் பொழுதுக்கு வேண்டாம். 'பரபரப்பு ஏற்பட்டது' என்ற தொடரையும் கவனியுங்கள். யாருக்கு ஏற்பட்டது என்று நான் பலமுறை உதவி ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அந்த வரி நீக்கப்பட்டுவிடும்.

எத்தனை இடங்களைப் பின்தொடர்வது? எனக்கு நான்கு போதுமாக இருக்கிறது. அன்றன்றைய நிலவரத்துக்கு ஒன்று. நான் வாழும் வட்டாரத்தின் குடிநீர், சாலை, பள்ளி ஆகியவற்றை எழுதும் சிறிய இதழ் ஒன்று. இவை பற்றிப் பேசும் உள்ளூர்க் கூட்டங்களுக்குப் பெரிய இதழ்கள் பெரும்பாலும் ஆள் அனுப்புவதில்லை. பொறுத்திருந்து எழுதும் வார இதழோ மாத இதழோ ஒன்று. நான்காவது, என் கருத்துக்கு எதிர்க்கருத்து கொண்ட, ஆனால் திருத்தம் வெளியிடும் இதழ். இந்த நான்காவதைத் தேடத்தான் எனக்கு அதிக நாள் ஆயிற்று. அதைப் படிக்கும்போது எரிச்சல் வருவது இயல்பு. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை வாரம் ஒன்றாவது அது எனக்குத் தருகிறதென்றால் வைத்துக்கொள்கிறேன்.

இவற்றை ஓர் இடத்தில் சேர்க்க, ஒரு தளத்தில் புதிதாக வருவதைத் தானாகவே கொண்டுவந்து தரும் ஆர்எஸ்எஸ் (RSS) ஓடையைப் பயன்படுத்துங்கள். 1999-இல் வந்த பழைய நுட்பம். இத்தகைய ஓடைகளைப் படிக்கப் பலர் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டபோது இதுவும் போய்விட்டது என்று பலர் நினைத்தார்கள். போகவில்லை, பெரும்பாலான பாட்காஸ்ட்கள் இன்றும் இதன் வழியாகத்தான் வருகின்றன. ஃபீட்லி போன்ற ஒரு செயலியைத் திறந்து, தளத்தின் முகவரியை ஒட்டினால் பெரும்பாலும் அதுவே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். அதன்பின் செய்திகள் வெளியான வரிசையிலேயே வரும். நீங்கள் எதைப் பார்த்துக் கொதிப்பீர்கள் என்று கணக்குப் போட்டு யாரும் மேலே ஏற்றிவைக்க மாட்டார்கள். இதைச் செய்த கையோடு, கைப்பேசியில் செய்திச் செயலிகளின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

தொலைக்காட்சியில் செய்தியறிக்கை பாருங்கள்; விவாதத்தை விட்டுவிடலாம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். எழுதியவர் யார் என்று தெரியாததை நான் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை.

கடைசியாக ஒரு சோதனை. பிழை ஒன்றைக் கண்டால் ஆசிரியருக்கு எழுதுங்கள். தலைப்பு, தேதி, பிழையான வரி, சரியான விவரம், அது எங்கே இருக்கிறது என்ற ஆதாரம்: ஐந்தும் சேர்ந்து எட்டு வரிக்கு மேல் போக வேண்டாம். கடந்த மாதம் இரண்டு தளங்களுக்கு இப்படி எழுதினேன். ஒன்றில் ஆண்டு தவறு, இன்னொன்றில் ஓர் அமைச்சரின் துறை தவறு. முதல் தளம் அன்று மாலையே ஆண்டைத் திருத்தி, கட்டுரையின் தலையிலேயே மாற்றத்தைக் குறிப்பிட்டது. இரண்டாவது தளத்தில் மூன்று வாரங்களாகியும் அமைச்சர் அதே துறையில்தான் இருக்கிறார். முதல் தளத்துக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். இரண்டாவதை ஓடையிலிருந்து எடுத்துவிட்டேன்.