கண்டென்சருக்குப் பின்னால் நெல் பதர்

சம்பா அறுவடை முடிந்ததும் என் பழைய டீசல் காரில் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. ஏசி போட்டு மன்னார்குடி சாலையில் வேகமாகப் போனால் டெம்பரேச்சர் முள் ஏறும். மெதுவாகப் போனால் இறங்கும். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறையவில்லை. கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பலனில்லை, ஃபேனும் ஒழுங்காகச் சுற்றியது.

முன்னாலிருந்து டார்ச் அடித்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் அப்படித் தெரிவது ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர். கூலண்டை ஆறவைக்கும் ரேடியேட்டர் அதற்குப் பின்னால். மேல் பிராக்கெட்டைக் கழற்றி இரண்டையும் விலக்கினால், நடுவில் காற்றை அடைத்தபடி கம்பளி மாதிரி நெல் பதரும் வைக்கோல் தூசும்! ரோட்டிலேயே நெல் காயப்போடும் நம் பக்கத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என்ஜின் நன்றாக ஆறியபின், என்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி சாதாரண ஹோஸில் தண்ணீர் விட்டேன். வாட்டர் சர்வீஸ் பிரஷர் வேண்டாம், ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அப்பாடா, முள் இப்போது பாதியைத் தாண்டுவதில்லை. ஏசியும் முன்பைவிட நன்றாகக் குளிர்கிறது.