சிபியூ சீக்கிரம் சாவது ஏன்? மலிவுக் கணினி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கணினி பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், அவற்றை ஒட்டித் தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகள். என்னிடம் வரும் கணினிகளில் பெரும்பாலானவை ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) உள்ளே, மிஞ்சினால் கொஞ்சம் மேலே வாங்கியவை. அண்மைக்காலமாக எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பையன்கள் சிலர் வீட்டிலேயே கணினி பொருத்தி அக்கம்பக்கத்தாருக்கு விற்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் அடித்த அதே கூத்தை ஒன்றுவிடாமல் திரும்ப அடிக்கிறார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

மலிவுக் கணினி என்றாலே சீக்கிரம் கெட்டுவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம்மவர்கள் முழுப் பெட்டியையும் 'சிபியூ' என்பார்கள். உள்ளபடி சிபியூ என்பது உள்ளே கணக்குப் போடும் பிராசசர் சில்லு மட்டும்தான். அது தானாகச் செத்து நான் பார்த்தது அபூர்வம். இன்டெல்லின் மலிவு விலைப் பிராசசரான ஐ3கூட வருஷக்கணக்கில் ஓடும். பெட்டியைக் கொல்வது, காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைப்பதுதான். தூசி தட்டுவது, வைரஸ் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கேசிங்கோடு வரும் பவர் சப்ளையை நம்புவது

நூற்றுச் சொச்சம் வெள்ளிக்கு ஒரு கேசிங். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக மின்னும் காற்றாடி, கூடவே, சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை இலவசம். பையன்களுக்கு மனசு நிறைந்துவிடும். அந்தப் பவர் சப்ளை மேல் கொட்டை எழுத்தில் 500 வாட் என்று போட்டிருக்கும். "அண்ணே, 500 வாட் இருக்கு, போதும்லா" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

கொட்டை எழுத்தை விடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும்: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட். இன்றைய கணினியில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான். அதற்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். உங்கள் கைக்கு வருவது அவ்வளவுதான். மிச்சம் 300 வாட், இப்போது அதிகம் தேவைப்படாத மற்ற இரண்டு வரிகளில் காட்டிய கணக்கு. அதிலும் பாதி வெறும் மை.

இப்போது அந்தப் பெட்டிக்குள் பையன் பூட்டிய சாமானைப் பாருங்கள். ஐ3-12100எஃப் முழு மூச்சாக ஓடினால் 89 வாட் வரை இழுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6600 என்றால் அதற்கு 132 வாட். இரண்டும் சேர்ந்து 221. எழுதிக் கொடுத்திருப்பதோ 192. இயங்குகிறதே என்பீர்கள். இயங்கும்தான். கேம் விளையாடும்வரை, அல்லது வீடியோ எடிட் செய்யும்வரை. ஒழுங்கான 450 வாட் பவர் சப்ளை ஒன்றில் கிட்டத்தட்ட அந்த 450 முழுவதும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கும். சிறிய எண்தான், ஆனால் உண்மையான எண்.

நம்ம ஊர் வெக்கையும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஜிங்க் கூரை போட்ட வீட்டில் மத்தியானம் அறைக்குள்ளேயே 34, 35 டிகிரி இருக்கும். கேசிங்குக்குள் அதற்கும் மேல். பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகளுக்கு (கெப்பாசிட்டர்) சூடுதான் எமன். பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் தொழிலில் பழைய கணக்கு. நல்ல பவர் சப்ளையில் 105 டிகிரி தாங்கும் ரகத்தைப் போடுவார்கள். இலவசப் பெட்டியில் பெரும்பாலும் 85 டிகிரி ரகம், அதையும் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், காற்றாக இருக்கும்.

சரி, செத்தால் அது மட்டும் செத்துத் தொலையட்டும் என்றால் அதுவும் நடப்பதில்லை. 12 வோல்ட் வரி 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. அதை வெகுவாக மீறினால் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு நல்ல பவர் சப்ளையில் உண்டு. மலிவுப் பெட்டியில் முதலில் வெட்டுவதே அந்தப் பாதுகாப்பைத்தான். அப்புறம் சாகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு அக்கா. வீட்டிலேயே கல்யாண அழைப்பிதழ், ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பவர். தெரிந்த பையன் ஒருவன் மலிவாகக் கணினி பொருத்திக் கொடுத்திருந்தான். கொஞ்ச நாளில், பெரிய ஆல்பத்தைத் திறந்தால் கணினி தானாக அணைந்து மீண்டும் எழ ஆரம்பித்தது. எடுத்துக்கொண்டு போன கடையில் "விண்டோஸ் கெட்டுப்போச்சு" என்று ஃபார்மேட் போட்டுக் காசு வாங்கினார்கள். திரும்பவும் அதே கதை. வேறு கடை, மறுபடி ஃபார்மேட், மறுபடி காசு. ஒருவர்கூடப் பவர் சப்ளையைக் கழற்றிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் 'டப்' என்று ஒரு சத்தம், தீய்ந்த வாடை. என்னிடம் வந்தபோது மதர்போர்டு போயிருந்தது. ஹார்ட் டிஸ்க் சுற்றவே இல்லை.

"தம்பி, பெட்டி போனாப் போகுது. படத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க" என்றார். ஆல்பம் இன்னும் கைக்குப் போய்ச் சேராத கல்யாணங்கள் அதற்குள் இருந்தன.

சில ஹார்ட் டிஸ்குகளில் மின்னழுத்தம் எகிறினால் தன்னைப் பலிகொடுத்து டிஸ்கைக் காப்பாற்றும் ஒரு சின்ன டயோடு இருக்கும். அதை எடுத்துவிட்டால் சில சமயம் டிஸ்க் உயிர்பிழைக்கும். இதில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஹார்ட் டிஸ்கின் சர்க்யூட் போர்டை, அதே மாடலில் வேறொன்றைத் தேடி மாற்றலாம் என்றால், பழைய போர்டில் அந்த டிஸ்குக்கே உரிய விவரங்கள் பதிந்திருக்கும் ரோம் சில்லையும் பெயர்த்து வைக்க வேண்டும். கோலாலம்பூரில் தரவு மீட்பவர்களிடம் விலை கேட்டதில், கணினி வாங்கிய தொகையைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். அக்கா கொடுத்துத்தான் எடுத்தார். மிச்சம் பிடித்தது என்னவோ 100 வெள்ளி.

ஆகவே பையன்களுக்கு நான் சொல்வது இது. வேலைப்பளு ஏறும்போது மட்டும் கணினி அணைந்து எழுந்தால், ஃபார்மேட் போடுவதற்கு முன் நன்றாக ஓடும் வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பாருங்கள். மல்டிமீட்டரை மஞ்சள் வயரில் வைத்து 12 வோல்ட் காட்டுகிறது, எனவே நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். சும்மா இருக்கும்போது எல்லாமே 12தான் காட்டும். சுமை ஏறும்போதுதான் சரியும். விண்டோஸ் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைக் காட்டி மென்பொருள் கோளாறு என்பவர்களும் உண்டு. முறையாக மூடாமல் கணினி நின்றுவிட்டது என்பதைத் தவிர அந்த வரி வேறெதையும் சொல்வதில்லை.

புதிதாக வாங்கினால் 150 முதல் 200 வெள்ளிக்குள் ஒழுங்கான 450 அல்லது 550 வாட் கிடைக்கும். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லதுதான். ஆனால் அது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கோ ஆயுளுக்கோ கொடுத்த உத்தரவாதம் அல்ல. முத்திரையோடு உத்தரவாத வருஷத்தையும் பாருங்கள். ஐந்து வருஷம் கொடுப்பவனும் ஒரு வருஷம் கொடுப்பவனும் ஒரே சாமானை விற்பதில்லை. பணம் போதவில்லையா? கண்ணாடிக் கேசிங்கை விட்டுவிட்டுத் தகரக் கேசிங் வாங்குங்கள்.

பின்னால் இருக்கும் சிவப்புச் சுவிட்ச்

சில பவர் சப்ளைகளில் 115, 230 என்று இருக்கும். நம் நாட்டில் மின்சாரம் 230 வோல்ட், எனவே சுவிட்ச் 230இல்தான் நிற்க வேண்டும். 115க்கு நகர்த்தாதீர்கள், பிள்ளைகளையும் நகர்த்த விடாதீர்கள். வெடிக்கும்.

'ஐ7' என்ற ஒட்டுவில்லையைப் பார்த்து வாங்குவது

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பிராண்ட் கணினிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலிட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் எல்லாம் நாள் முழுக்க ஓடுவதற்காகவே செய்தவை. பையன் பொருத்திய புதுப் பெட்டியைவிட இவை நீடித்து உழைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்கிற பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பிராசசரின் தலைமுறையை, அதாவது அது எந்தக் காலத்து வரிசை என்பதைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். 2011இல் வந்த ஐ7-2600ஐ இன்றும் 'ஐ7 முழு செட்' என்று தள்ளிவிடுகிறார்கள். 2022இல் வந்த ஐ3-12100 அதை ஊதித் தள்ளிவிடும். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டும் என்றால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5-6500, ஐ5-7500 என்றால் இல்லை. எட்டாம் தலைமுறை ஐ5-8500 என்றால் உண்டு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வீட்டிலிருந்து படிக்க வேண்டும் என்று தோட்டத்துப் பெற்றோர் கடன் வாங்கிக்கூடக் கணினி வாங்கினார்கள். அதில் பல ஆறாம், ஏழாம் தலைமுறை. இப்போது அவைதான் கைமாறி மறுபடி சந்தைக்கு வருகின்றன. விலை குறைவாக இருப்பதற்கு, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாததுதான் காரணம்.

சின்னக் கேசிங் வாங்கிவிட்டு அதில் கிராஃபிக்ஸ் கார்டு போடலாம் என்று கனவு காணாதீர்கள். உயரம் குறைந்த கார்டுதான் நுழையும். இந்தப் பிராண்ட் பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையும் அதன் முனையும் தனி வடிவம். கடையில் கிடைக்கும் சாதாரணப் பவர் சப்ளை பொருந்தாது.

எர்த் இல்லாத வீடு

கேசிங்கைத் தொட்டால் கையில் சுறுசுறு என்று ஏறுகிறதா? கணினியில் பழுது என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். முதலில் வீட்டு எர்த்தைப் பாருங்கள். பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் கேசிங் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கசிய விடும். எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு போக வழியில்லாமல் கேசிங்கிலேயே நிற்கும். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய பழைய லயன் வீடுகளில், தாங்களாகவே வயர் இழுத்துக் கட்டிய பின்கட்டு அறைகளில் இது சர்வசாதாரணம். மூன்று முனை பிளக் இருக்கும். அதன் எர்த் முனைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது.

அந்த வீட்டில் மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் காப்பாற்றும் என்று 80 வெள்ளி கொடுத்து வாங்கிய சர்ஜ் தடுப்பானும் முழு வேலை செய்யாது. எர்த்துக்குத் தள்ள வேண்டியதை எங்கே தள்ளும்? முதலில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் சரிபாருங்கள். நீட்டிப்பு வயர் வாங்கினால் சிரிம் முத்திரை (மலேசியத் தரச் சான்று) பார்த்து வாங்குங்கள்.

இடி இடிக்கும்போது சுவிட்சை மட்டும் அணைப்பது

பிளக்கையே பிடுங்குங்கள். நெட்வொர்க் கேபிளையும் பிடுங்குங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இணையம் கண்ணாடி இழையில் வந்தாலும், ரவுட்டருக்கு மின்சாரம் சுவரிலிருந்துதான் வருகிறது. ரவுட்டரிலிருந்து கணினி வரை ஓடுவது செம்புக் கம்பி. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நமக்குப் புதிதல்ல. அந்த நாட்களுக்கு மறுநாள் என் மேசையில் நெட்வொர்க் முனை செத்த மதர்போர்டுகள் வரிசையாக இருக்கும்.

பல்லி

சிரிக்காதீர்கள். பின்பக்கம் மூடாத ஓட்டை ஒன்று போதும். பல்லி உள்ளே போய்ச் சூடான இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அதன் எச்சமோ உடலோ போர்டில் பட்டால் ஷார்ட். மூடித் தகடு 2 வெள்ளிகூட ஆகாது.

தேதி பழைய வருஷத்தைக் காட்டினால்

மதர்போர்டில் காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். மாற்றுங்கள். மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

செத்த பவர் சப்ளையைத் திறந்து பார்ப்பது

வேண்டாம் தம்பிகளா. 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாக மாறும்போது ஏறக்குறைய 325ஐத் தொடும், சிலவற்றில் அதையும் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலை இல்லை இது.

ரசீது

கடை ரசீது சூட்டுக் காகிதம், ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள், பவர் சப்ளையின் வரிசை எண்ணையும் சேர்த்து.