வலிப்பு வந்தால் வீடியோ எடுத்து வையுங்கள்

யாருக்காவது வலிப்பு மாதிரி வந்தால், ஒருவர் அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் முகமும் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். வந்தவருக்குப் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது, அப்புறம் எடுக்கும் இஇஜியும் (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) நார்மலாகவே வரலாம். ஆனால் கண் திறந்திருந்ததா, எந்தக் கை முதலில் வெட்டியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதெல்லாம் வலிப்பா வெறும் மயக்கமா என்று பிரித்துப் பார்க்க நரம்பியல் மருத்துவருக்கு ரொம்பவே உதவும். கை கால் வெட்டாமல் திடீரென்று வெறித்துப் பார்ப்பது, உதட்டைச் சப்புவது, சட்டையை நிமிண்டுவதுகூட வலிப்பாக இருக்கலாம், அதையும் எடுங்கள்.

கூட வேறு யாரும் இல்லையென்றால் வீடியோவை விடுங்கள், ஆளைக் கவனியுங்கள். முதல் முறை வந்தாலோ, 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.