ஓவியத் தொகுப்பைப் போனில் படம் எடுக்கும்போது

உயர்தர வகுப்பில் சித்திரம் படிக்கும் பிள்ளைகளே, செம்மண் முற்றத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் வெள்ளைத் தாளையே செம்மஞ்சளாகக் காட்டும், நீலங்கள் மங்கிவிடும். வன்னியில் பல தொகுப்புகள் கெடுவது இதனால்தான். விறாந்தை நிழலில், ஓவியத்துக்கு முன்னால் நிலத்தில் வெள்ளை வேட்டி விரித்துவிட்டு எடுங்கள். நேர்வெயிலும் பிளாஷும் வேண்டாம். ஓவியம் சுவரோடு நேராக நிற்க, போன் அதன் நடுப்பகுதிக்கு நேரே, சரியாமல் இருக்கட்டும். கிட்டப் போனால் தாளின் ஓரங்கள் வளைந்து தெரியும். 2 மீற்றர் தள்ளி நின்று 2 மடங்கு சூம் செய்யுங்கள். சட்டமிட்டதென்றால் கண்ணாடியைக் கழற்றுங்கள். முதல் வரைவுகளையும் கட்டாயம் எடுங்கள். உங்கள் சிந்தனை அதில்தான் தெரியும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நுண்ணிய தூரிகைக் கோடுகள் கரைந்துவிடும், டொக்கியூமென்ட்டாக அனுப்புங்கள்.