ஒரு கேலக்ஸி மையத்தின் புற ஊதா ஒளி ஏறி இறங்குவதை வீட்டுக் கணினியில் அளப்பது எப்படி?

டெலஸ்கோப் வேண்டாம். ஒரு சுமாரான லேப்டாப், இணைய இணைப்பு, கொஞ்சம் பைத்தான் போதும். அளக்கப் போவது ஏஜிஎன் எனப்படும் கேலக்ஸி மையத்தை. அங்கே ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கும், அதைச் சுற்றி வாயு ஒரு தட்டாகச் சுழன்று சூடேறி ஒளிவிடும். அந்த ஒளி நாளுக்கு நாள் கூடும், குறையும். தட்டின் உட்பகுதிதான் அதிகச் சூடு என்பதால் புற ஊதாவில்தான் இந்த ஏற்ற இறக்கம் பளிச்சென்று தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் அந்த கேலக்ஸியின் நட்சத்திர ஒளியும் சேர்ந்துகொண்டு மாற்றத்தை அமுக்கிவிடும். ஆனால் 3000 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு, ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) கீழே உள்ள ஒளியை ஓசோன் விடாது, அதனால் செயற்கைக்கோள் தரவுதான் ஒரே வழி. நல்லவேளையாக அது இலவசம்.

எதைப் பார்ப்பது

முதல் முயற்சிக்கு என்ஜிசி 5548-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவு, கருந்துளையின் நிறை ஏறக்குறைய 5 கோடி சூரியன்.  இந்த கேலக்ஸியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு விரிவாக அளக்கப்பட்ட ஏஜிஎன் வேறு அதிகம் கிடையாது. 1988-89-ல் ஐயூஇ என்ற புற ஊதா செயற்கைக்கோள் எட்டு மாதம், நான்கு நாளுக்கு ஒருமுறை இதைப் பார்த்தது. 2014-ல் ஹபிள் ஏறக்குறைய தினமும் பார்த்தது, அதே சமயத்தில் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் 125 நாளில் 282 முறை திரும்பிப் பார்த்தது. நாம் எடுக்கப் போவது அந்த ஸ்விஃப்ட் தரவை. உங்கள் விடை சரியா என்று வெளியான முடிவுகளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம், கற்றுக்கொள்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

நிறுவுதல், இறக்குதல்

லினக்ஸ் அல்லது மேக். விண்டோஸ் என்றால் உள்ளே லினக்ஸ் துணை அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நாசாவின் ஹீசாஃப்ட் மென்பொருள், அதன் அளவுத்திருத்தக் கோப்புகள், படம் பார்க்க டிஎஸ்9, பைத்தானில் அஸ்ட்ரோபை, நம்பை, மேட்பிளாட்லிப். இருப்பதிலேயே சலிப்பான படி இதுதான், ஒரு மாலை நேரத்தைத் தின்றுவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுங்கள்.

அப்புறம் நாசாவின் தரவுக் காப்பகமான ஹீசார்க் தளத்தில் ஸ்விஃப்ட் பட்டியலைத் திறந்து, கேலக்ஸியின் பெயரையும் 2014 பிப்ரவரி முதல் ஜூன் வரையான தேதிகளையும் கொடுங்கள். ஸ்விஃப்டில் உள்ள யூவாட் என்ற 30 செ.மீ. புற ஊதா டெலஸ்கோப்பின் தரவையும் துணைக் கோப்புகளையும் மட்டும் டிக் செய்யுங்கள், எக்ஸ்ரே தரவை இப்போதைக்கு விட்டுவிடலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்காமல் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துப் பழகுங்கள். ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு ஃபோல்டர் வரும், அதில் பெயரின் கடைசியில் 'எஸ்கே' என்று முடியும் படங்கள்தான் நமக்கு வேண்டியவை. யூவாட்டில் ஆறு ஃபில்டர்: யுவிடபிள்யூ2 (1928 ஆங்ஸ்ட்ராம்), யுவிஎம்2 (2246), யுவிடபிள்யூ1 (2600), யு (3465), பி (4392), வி (5468).

எண்ணுக்கு முன் படம்

படத்தை டிஎஸ்9-ல் கண்ணால் பார்க்காமல் எண் எடுக்கவே கூடாது. நட்சத்திரங்கள் இழுபட்டுக் கோடாகத் தெரிகின்றனவா, கேலக்ஸி மையம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். படக் கோப்பின் தலைப்புக் குறிப்பில் (ஹெடர்) நிலைத் திருத்தம், அதாவது படத்தை வானத்தின் சரியான இடத்தோடு பொருத்துவது, 'இல்லை' என்று இருந்தால் அந்தப் படத்தை ஓரம்கட்டிவிடுங்கள்.

இப்போது இரண்டு வட்டம் போட வேண்டும். மையத்தின் மேல் 5 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) ஆரத்தில் ஒன்று, வெற்று வானத்தில் 20 ஆர்க்செகண்ட் அல்லது அதற்கு மேல் இன்னொன்று. பின்னணிக்கு மையத்தைச் சுற்றி வளையம் போடும் வழக்கம் உண்டு, இங்கே அது வேலைக்கு ஆகாது, வளையத்துக்குள் கேலக்ஸியின் சுருள் கைகள் வந்துவிடும். நட்சத்திரம் இல்லாத இடமாகப் பார்த்து தனி வட்டமே போடுங்கள், எல்லாப் படத்துக்கும் அதே வட்டங்கள்.

அளவிடுதல்

யூவாட்சோர்ஸ் என்ற கட்டளைக்குப் படத்தையும் இரண்டு வட்டங்களையும் கொடுத்தால் ஒளியளவையும் பிழையளவையும் தரும். ஒரு கோப்புக்குள் பல படங்கள் அடுக்கி இருக்கலாம். அவற்றை முதலில் கூட்டி ஒன்றாக்கச் சொல்லும் விளக்கங்களே அதிகம், நான் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். தனித்தனியாக அளந்து, சந்தேகமானதைக் களைந்து, கடைசியில் சராசரி எடுங்கள். காரணம் கீழே வருகிறது.

5 ஆர்க்செகண்டை இஷ்டத்துக்கு மாற்றவும் வேண்டாம். இந்த டிடெக்டர் சுமார் 11 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படிக்கும், அந்த இடைவெளிக்குள் இரண்டு ஃபோட்டான் ஒரே இடத்தில் விழுந்தால் ஒன்று என்றுதான் எண்ணும். அதற்கான திருத்தம் 5 ஆர்க்செகண்ட் வட்டத்தை வைத்தே அளவிடப்பட்டிருக்கிறது.

மேக்னிட்யூடை (வானியலாளர்களின் பிரகாச அளவுகோல்) விட்டுவிட்டு ஃபிளக்ஸை (வந்து சேரும் ஒளியின் அளவு) எடுத்துக்கொள்ளுங்கள், மேக்னிட்யூடின் பூஜ்யத்தை வைக்கும் வேகா முறையா ஏபி முறையா என்ற குழப்பமும் இருக்காது. நேரம் 2001 ஜனவரி 1-லிருந்து கடந்த விநாடிகளாக இருக்கும். 86400-ஆல் வகுத்து 51910-ஐக் கூட்டினால் எம்ஜேடி, அதாவது வானியலாளர்கள் பயன்படுத்தும் தொடர் நாள் எண்.

பொய்ச் சரிவுகள்

ஃபிளக்ஸை நாளுக்கு எதிராக வரைந்ததும் அழகான லைட் கர்வ் (ஒளி மாற்ற வளைவு) வரும், அதில் அங்கங்கே சில புள்ளிகள் மட்டும் திடீரென்று பத்து சதவீதம் அல்லது அதற்கு மேலும் கீழே தொங்கும், அடுத்த பார்வையில் பழைய இடத்துக்கே வந்துவிடும். கருந்துளை ஏதோ செய்கிறது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம், சிக்கல் டிடெக்டரில். அதில் உணர்திறன் குறைந்த சிறு திட்டுகள் இருக்கின்றன, புற ஊதா ஃபில்டர்களில்தான் அவற்றின் பாதிப்பு அதிகம். ஸ்விஃப்ட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளித்தான் குறி வைக்கும், அதனால் சில சமயம் நம் கேலக்ஸி அந்தத் திட்டில் போய் விழும். 2014 தரவை அலசியவர்கள், தொங்கும் புள்ளிகள் டிடெக்டரில் எங்கே விழுந்தன என்று குறித்துப் பார்த்தபோது அவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்து நின்றன. இப்போது இந்தத் திட்டுகளின் வரைபடத்தை ஸ்விஃப்ட் குழுவே தருகிறது. படங்களை முன்பே கூட்டிவிட்டால் எந்தப் படம் திட்டில் விழுந்தது என்று பிரிக்கவே முடியாது, அதனால்தான் தனித்தனியாக அளக்கச் சொன்னேன்.

இதில் ஒரு கறாரான விதி: புள்ளியை அதன் இடத்தை வைத்து நீக்குங்கள், மதிப்பை வைத்து அல்ல. "இது ரொம்பக் கீழே இருக்கிறது, தூக்கிவிடலாம்" என்று ஆரம்பித்தால் கடைசியில் மிஞ்சுவது நீங்கள் விரும்பிய லைட் கர்வ்தான்.

நம் பால்வெளியின் தூசி கொஞ்சம் ஒளியை விழுங்கும், அதற்கும் திருத்தம் உண்டு. ஆனால் அது ஒரு ஃபில்டருக்கு ஒரே பெருக்கல் எண், நாம் அடுத்துச் செய்யப்போகும் இரண்டு கணக்கையும் அது தொடாது. விட்டுவிடுங்கள்.

எவ்வளவு மாறுகிறது, எது பிந்துகிறது

ஃபிளக்ஸின் மாறுபாட்டு வர்க்கத்திலிருந்து (வேரியன்ஸ்) பிழைகளின் வர்க்கச் சராசரியைக் கழித்து, சராசரி ஃபிளக்ஸின் வர்க்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். பிழையைத் தாண்டி உண்மையில் எத்தனை பங்கு மாறுகிறது என்பது கிடைக்கும். கழித்தபின் எண் எதிர்மறையானால் மாற்றம் பிடிபடவில்லை என்று பொருள். ஆறு ஃபில்டருக்கும் செய்து பாருங்கள்: யுவிடபிள்யூ2-ல் பெரிதாகவும் வி-யில் சிறிதாகவும் வரும். வி-யில் சிறிதாவதற்கு மாறாத நட்சத்திர ஒளியும் ஒரு காரணம், முழுப் பெருமையையும் தட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது தாமதம், அதாவது ஒரு ஃபில்டரில் தெரியும் ஏற்ற இறக்கம் மற்றொன்றில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பது. யுவிடபிள்யூ2 வளைவை அப்படியே வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இடைவெளிகளை இடைச்செருகி நிரப்பி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) கணக்கிட வேண்டும். உச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ள பகுதியின் மையமே தாமதம். பிழையைத் தெரிந்துகொள்ள, ஃபிளக்ஸில் சீரற்ற இரைச்சல் சேர்த்து, புள்ளிகளையும் சீரற்றுத் தேர்ந்தெடுத்து ஆயிரம் முறையாவது திரும்பச் செய்ய வேண்டும். பைசிசிஎஃப் என்ற பைத்தான் நிரல் இதையெல்லாம் செய்துவிடும். ஆனால் அதில் கூட்டல் குறி எதைக் குறிக்கிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள்: உங்கள் வளைவையே செயற்கையாக 2 நாள் தள்ளி உள்ளே கொடுத்தால் +2 வருகிறதா, −2 வருகிறதா?

சரியாகச் செய்திருந்தால் வி ஒளி யுவிடபிள்யூ2-க்குச் சுமார் ஒரு நாள், அல்லது சற்று மேல், பிந்தி வரும். ஒளி ஒரு நாளில் போகும் தூரம் சுமார் 2600 கோடி கிலோமீட்டர். உள்ளிருந்து வரும் ஒளி வெளித்தட்டைச் சுட்டு மறுபடி ஒளிரவைக்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது வழக்கமான விளக்கம். ஆனால் வழக்கமான தட்டுக் கோட்பாடு சொல்லும் அளவைப் போல இது ஏறக்குறைய மூன்று மடங்கு. யு ஃபில்டரைப் பார்த்தால் அது பி-யை விடக் குறைந்த அலைநீளம், ஆனாலும் அதன் தாமதம் இருக்க வேண்டியதை விட அதிகமாக இருக்கும். தட்டுக்கு வெளியே உள்ள வாயுவின் ஒளியும் அந்த ஃபில்டருக்குள் கலப்பதுதான் காரணம் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். கருந்துளைக்கு அருகிலிருந்து வரும் எக்ஸ்ரேதான் தட்டைச் சுட்டு விளக்கை ஏற்றுகிறது என்ற கதைக்கும் இந்த கேலக்ஸி முழுதாக ஒத்துழைக்கவில்லை, எக்ஸ்ரேவுக்கும் புற ஊதாவுக்கும் உள்ள ஒட்டுறவு பலவீனமாகத்தான் வந்தது.

இது கைவந்ததும் என்ஜிசி 4151, என்ஜிசி 4593, மார்க்கேரியன் 509 ஆகியவற்றின் ஸ்விஃப்ட் தரவை இதே வழியில் எடுக்கலாம். 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன அஸ்ட்ரோசாட்டின் யூவிட் டெலஸ்கோப்பும் புற ஊதாப் படங்கள் எடுத்திருக்கிறது. அதன் படங்கள் யூவாட்டை விடக் கூர்மை, மையத்தையும் நட்சத்திர ஒளியையும் நன்றாகப் பிரிக்கலாம். ஆனால் இதுபோல மாதக்கணக்கில் தினமும் பார்த்த தொடர் வேண்டுமென்றால் ஸ்விஃப்ட்தான்.