குறைந்த செலவுக் கணினிக்குப் புரொசெசரைத் தெரிவு செய்தல்: திருகோணமலை வாசகர்களுக்கான செய்முறை விளக்கம்

கணினி ஒன்றைச் சொந்தமாகப் பொருத்த விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் புரொசெசர் நல்லது?" என்பதுதான். அதற்குத் தனியே விடை சொல்ல இயலாது. கணிப்புகளைச் செய்யும் முதன்மைச் சில்லான புரொசெசரைத் தெரிவு செய்யும்போதே, பாகங்களெல்லாம் பொருந்தும் பலகையான மதர்போர்டும், தற்காலிக நினைவகமான ரேமின் வகையும், சில வேளைகளில் கிராபிக்ஸ் கார்டின் தேவையும் சேர்ந்தே முடிவாகிவிடுகின்றன. எனவே விலைப்பட்டியலில் சில ஆயிரம் ரூபாய் மலிவாகத் தெரியும் புரொசெசர், எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கையில் அதிக செலவு வைப்பதாக அமையலாம். பின்வரும் படிகளை இதே வரிசையில் பின்பற்றுவது நல்லது.

முதற்படி: வேலையை எழுதிக்கொள்ளுங்கள்

கணினியில் நாள்தோறும் செய்யப்போகும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர், கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயில்பவர், கடைக் கணக்கு எழுதுபவர், திருமண வீடியோ வெட்டி ஒட்டும் ஸ்டூடியோக்காரர் ஆகியோருக்கு ஒரே புரொசெசர் பொருந்தாது. "எல்லா வேலைக்கும்" என்று எழுதினால், தேவைக்கு மேலான பொருளைத்தான் கடையில் காட்டுவார்கள்.

இரண்டாம் படி: மொனிற்றரில் படம் எங்கிருந்து வரும்?

குறைந்த செலவில் கணினி பொருத்துபவருக்கு இதுவே மிக முக்கியமான கேள்வி. மொனிற்றரில் படம் தெரியக் கிராபிக்ஸ் பகுதி ஒன்று வேண்டும். அது புரொசெசருக்குள்ளேயே இருக்கலாம். இல்லையேல் தனிக் கார்டாக வாங்க வேண்டும். இன்டெல் ஐ3-12100 என்பதில் அது உள்ளே இருக்கிறது. ஐ3-12100எஃப் என்பதில் இல்லை. பெயரின் இறுதியில் உள்ள அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல், மலிவு என்று எஃப் வகையைத் தனிக் கார்ட் இன்றி வாங்கினால், எல்லாவற்றையும் பொருத்திய பின்னும் திரை இருண்டே இருக்கும்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட் (மதர்போர்டில் புரொசெசர் அமரும் இடம்) வரிசையில் முறை நேர்மாறானது. அங்கே பெயரின் இறுதியில் ஜி என்ற எழுத்து இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 5600ஜி என்பதில் உண்டு. ரைசன் 5 5600, ரைசன் 5 5500 ஆகிய இரண்டிலும் இல்லை. தனிக் கார்ட் வாங்குவது உறுதியென்றால் 5600 சிறந்தது. ஏனெனில் அதன் மூன்றாம் நிலை கேஷ் (புரொசெசருக்குள் இருக்கும் அதிவேக நினைவகம்) 32 மெகாபைட், 5600ஜியினுடையதோ 16 மெகாபைட் மட்டுமே. கார்டை "பிறகு பார்க்கலாம்" என்பவர் 5600ஜியை எடுப்பதே பாதுகாப்பானது. அந்தப் "பிறகு" பெரும்பாலும் வருவதில்லை என்பது என் கருத்து.

உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. அது கணினியின் ரேமையே பங்கிட்டுக்கொள்கிறது. ஆகவே 16 கிகாபைட் ரேமை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு துண்டுகளாக வாங்குங்கள். இரண்டு தடங்களில் தரவு ஓடும்போது, குறிப்பாக 5600ஜி போன்றவற்றில், விளையாட்டுகளின் வேகம் நன்றாகவே கூடும். இதற்காகப் புரொசெசரை உயர்த்தத் தேவையில்லை.

ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. புதிய கமராக்கள் பதிவு செய்யும் எச்.265 வகைக் கோப்புகளில் 4:2:2 10-பிட் என்ற வடிவம் உண்டு. வன்பொருள் உதவியின்றி அதை வெட்டி ஒட்ட முயன்றால் காட்சிகள் தடுக்கித் தடுக்கி ஓடும். ஐ5-12400 இலுள்ள இன்டெல் கிராபிக்ஸ் இந்த வடிவத்தை நேரடியாகப் படிக்க வல்லது. தனிக் கார்டுகள் பலவற்றுக்கு அந்தத் திறன் இல்லை. எனவே வீடியோ வேலைக்கு, கார்ட் வாங்கும் எண்ணம் இருந்தாலும், எஃப் இல்லாத ஐ5-12400 ஐயே பரிந்துரைப்பேன்.

மூன்றாம் படி: தலைமுறையைப் பாருங்கள்

ஐ3, ஐ5, ஐ7 என்ற எண்கள் ஒரே தலைமுறைக்குள் மட்டுமே ஒப்பிடத் தக்கவை. கொழும்பு அலுவலகங்களில் பயன்படுத்தித் தள்ளிய கணினிகள் "ஐ7" என்ற பெயரோடு நம் ஊருக்கும் விற்பனைக்கு வருகின்றன. 2017 இல் வந்த ஐ7-7700, 2022 இல் வந்த ஐ3-12100 ஆகிய இரண்டுக்கும் நான்கு கோர்களும் (தனித்தனியே கணிக்கும் பகுதிகள்) எட்டு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைத் தொடர்கள்) தான். இருந்தும் பெயரில் சிறியதாகத் தோன்றும் ஐ3 தான் வேகமானது. பெயரிலுள்ள இடைக்கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கங்களே தலைமுறையைச் சொல்கின்றன: 7700 என்பது ஏழாவது, 12100 என்பது பன்னிரண்டாவது.

இதில் வேகம் மட்டும் சம்பந்தப்பட்டதன்று. விண்டோஸ் 10 க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 ஐ மைக்ரோசொஃப்ட் ஆதரிப்பது, இன்டெலில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்துதான். பழைய கணினியில் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தும் எண்ணம் உடையவருக்கு இந்தத் தடை இல்லை. அவர் ஏழாவது தலைமுறைக் கணினி ஒன்றையும் துணிந்து வாங்கலாம்.

நான்காம் படி: மூன்றையும் சேர்த்துக் கூட்டுங்கள்

இப்போது ஒரு தாளில் புரொசெசர், மதர்போர்ட், ரேம் ஆகிய மூன்றின் விலையையும் ஒரே வரியில் எழுதிக் கூட்டுங்கள். ஏஎம்4 சொக்கெட் டிடிஆர்4 வகை ரேமை ஏற்கும். ஏஎம்டியின் அடுத்த சொக்கெட்டாக 2022 இல் வந்த ஏஎம்5, டிடிஆர்5 ஐ மட்டுமே ஏற்கும். மேலே சொன்ன பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல் பொருந்தும் எல்ஜிஏ 1700 சொக்கெட்டில் இரண்டு வகையும் உண்டு, ஆனால் ஒரு மதர்போர்ட் ஏற்பது பெரும்பாலும் ஒரு வகையை மட்டுமே என்பதால், அதற்குரிய எச்610 வகை மதர்போர்ட் வாங்கும்போது அது டிடிஆர்4 க்கானதா, டிடிஆர்5 க்கானதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரேம் விலை அடிக்கடி ஏறி இறங்குவதால், சென்ற மாதத்துக் கணக்கு இம்மாதம் செல்லாது.

மாணவருக்கும் அலுவலக வேலைக்கும் ஐ3-12100 அல்லது 5600ஜி போதும். கூட்டுத்தொகை குறைந்து வருவதை எடுங்கள். பி450 போன்ற பழைய ஏஎம்4 மதர்போர்டில் 5600ஜி போன்ற 5000 வரிசை ரைசனைப் பொருத்துவதானால், அதன் பயோஸை (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்துத் தருமாறு கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் கணினி உயிர் பெறாமல் போகலாம்.

ஐந்தாம் படி: நம் ஊர்ச் சூட்டையும் கணக்கில் எடுங்கள்

கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையின் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும். குளிரூட்டி இல்லாத அறையில், புரொசெசரின் சூடு அந்த 35 க்கு மேல்தான் ஏறத் தொடங்குகிறது. ஐ5-12400 இன் அடிப்படை மின்நுகர்வு 65 வாட், ஆனால் முழுவேகத்தில் அது 117 வாட் வரை செல்லக்கூடும். ஐ3-12100 இன் உச்சமோ 89 வாட். பெட்டியோடு வரும் சிறு மின்விசிறி ஐ3 க்குப் போதுமானது. ஐ5 இல் மணிக்கணக்காக வீடியோ ஏற்றுமதி செய்பவர் சற்றுப் பெரிய குளிர்விப்பானுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். கே என்று முடியும் இன்டெல் வகைகளில் மின்விசிறியே வராது. நம் செலவுக்கு அவை ஏற்றவையல்ல. உப்புவெளி, டச்சுக்குடா போன்ற கடலோரப் பகுதிகளில், உப்புக் காற்று படாதிருக்க, கணினியைக் கடலைப் பார்த்த யன்னலுக்கு அருகில் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: வாங்கும்போது

நகரத்துக் கடையில் இல்லாத பொருளைக் கொழும்பின் பம்பலப்பிட்டியிலிருந்து தருவிக்கலாம். ஆனால் கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. பழுதானால் யார், யார் செலவில் திருப்பி அனுப்புவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விலை வித்தியாசம் சிறிதென்றால் நான் ஊர்க் கடையையே தெரிவு செய்வேன். பெட்டி இல்லாமல் "ட்ரே" என்று விற்கப்படுவதற்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொதுவாக இராது. கடை தரும் உத்தரவாதக் காலத்தையும் தொடர் இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஏஎம்4 புரொசெசரின் அடியில் ஊசிகள் இருக்கும். எல்ஜிஏ 1700 இல் அவை மதர்போர்டின் சொக்கெட்டில் இருக்கும். எதில் இருந்தாலும், கடையை விட்டு வெளியேறுமுன் வெளிச்சத்தில் பிடித்து ஒன்றும் வளையவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

வீட்டில் பொருத்தி முடித்ததும், டாஸ்க் மனேஜரில் புரொசெசரின் பெயரையும் கோர் எண்ணிக்கையையும் பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு மதிய வேளையில் அரை மணி நேரம் வீடியோ ஏற்றுமதி போன்ற கனமான வேலை ஒன்றைக் கொடுத்து, வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருளில் அளவைப் பாருங்கள். 90 பாகையை நெருங்கினால் கணினியை நிறுத்தி, ஆறவிட்டு, மின்விசிறியின் நான்கு மூலைகளும் சரியாக அழுந்தியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அழுந்தியிருந்தால் அதைக் கழற்றி, வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசிப் பொருத்துங்கள்.