சாலட் பாரில் எச்சில் தட்டும் இன்னும் சில தவறுகளும்

அமெரிக்காவில் ரூபி டியூஸ்டே, சிஸ்லர் மாதிரி உணவகங்களில் நீளமாக ஒரு மேசை, மேலே கண்ணாடித் தடுப்பு, கீழே ஐஸில் புதைத்த கிண்ணங்களில் கீரை, காய்கறி எல்லாம் இருக்கும். அதுதான் சாலட் பார். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஆட்கள் அங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதலில் எச்சில் விவகாரம். வீட்டில் அவ்வளவு எச்சில் பார்க்கும் நாம், இங்கே சாப்பிட்ட தட்டோடேயே இரண்டாவது முறை போய் நிற்போம். பந்தியில் இலை மாறாதே, அந்தப் பழக்கம். பந்தியில் பரிமாறுகிறவர் கரண்டியை உயர்த்திப் பிடித்து இலையில் படாமல் போடுவார். இங்கே நாமே அள்ளுகிறோம். கரண்டி நுனி நம் தட்டில் உரசி, அப்படியே கிண்ணத்துக்குத் திரும்பிப் போகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் புதுத் தட்டு. இது வெறும் நாகரிகம் இல்லை, அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. பழைய தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள், எடுத்துக்கொள்வார்கள்.

வரிசையில் நின்றதும் அள்ளத் தொடங்குவது அடுத்த தவறு. பல இடங்களில் கீரையும் மக்ரோனியும் உருளைக்கிழங்கும்தான் முன்னால் இருக்கும். அதிலேயே தட்டு நிறைந்துவிடும். வெறுங்கையோடு ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்தச் சுற்றிலேயே, வெட்டிய தக்காளி தண்ணீர் விட்டிருக்கிறதா, கிண்ணத்தைச் சுற்றி ஐஸ் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது விதி.

சைவக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. என் அப்பா முதல்முறை வந்தபோது, சிவப்பாக மொறுமொறுவென்று இருந்ததை வறுத்த வெங்காயம் என்று நினைத்து இரண்டு கரண்டி தூவிக்கொண்டார். வாயில் போட்டவர், "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். அது பேக்கன், அதாவது பன்றி இறைச்சித் துணுக்கு. சில கடைகளில் சோயாவில் செய்ததும் வைப்பார்கள். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டுவிடுங்கள். டிரஸ்ஸிங் என்பது சாலட்டின் மேல் ஊற்றிக்கொள்ளும் சாறு; அதில் சீசர் என்ற வகையில் பெரும்பாலும் நெத்திலி இருக்கும். காய்கறி சூப் என்றாலும் கோழிச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம்.

டிரஸ்ஸிங்கைச் சாம்பார் மாதிரி ஊற்றாதீர்கள். ராஞ்ச் என்ற வகை இரண்டு மேசைக்கரண்டியே ஏறத்தாழ 130 கலோரி. 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள கடைகள் கலோரியை எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சின்ன அட்டையைப் படியுங்கள்.

ஒருவருக்குக் காசு கொடுத்து இருவர் சாப்பிடுவதும், பெட்டி கேட்டு மிச்சத்தைக் கட்டிக்கொள்வதும் வேண்டாம். சாலட் பாரை மட்டும் தனியாக வாங்க முடிந்தால் கூடவே ஸ்டேக் (மாட்டிறைச்சித் துண்டு) எதற்கு?

அப்புறம் டிப். "நாமேதானே எடுத்துப் போட்டுக்கொண்டோம், எதற்கு?" என்று பில் வந்ததும் ஒரு குரல் எழும். அந்த நாலு எச்சில் தட்டையும் எடுத்தது யார்? டிப் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது ஏறவே இல்லை. பல மாநிலங்களில் கூடுதல். மேசைக்கு வந்து ஆர்டர் எடுத்தால் 15 முதல் 20 சதவீதம் வையுங்கள். வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும்.